டெவன் குகை வாசலில் கழற்றிய சப்பாத்து

1. திரும்பி வந்த தட்டு

பிள்ளைகளா, சீமையில் நான் பார்த்த வேலை ஒரு தட்டில்தான் தொடங்கியது. அவித்த உருளைக்கிழங்கும் ஆட்டிறைச்சியும் வைத்து மேலே அனுப்பிய தட்டு, ஒரு வாய்கூடக் குறையாமல் குசினிக்குத் திரும்பி வந்தது.

அப்போது நான் மலாயாவில் செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவில் சமையல் குக்கு. துரையின் மனைவி காய்ச்சலில் இறந்துபோனார். மகள் டோலியை இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்தில் இருந்த தன் அக்காளிடம் விட்டுவரத் துரை புறப்பட்டார். ஆயா கடல் தாண்ட மாட்டேன் என்றுவிட்டாள். ஆயாவிடம் வளர்ந்து தமிழே பேசும் டோலி, என் கையால் கொடுத்தால்தான் சாப்பிடும். அதனால் என்னையும் கப்பலேற்றினார்.

அந்த அக்காள் கலியாணம் ஆகாதவர். கடற்கரை ஊரில் போர்டிங் ஹவுஸ் நடத்தினார். ஊர் பார்க்க வந்து தங்குகிறவர்கள், காலையில் பசியாறியதும் வெளியே போய்விட வேண்டும். ராச்சாப்பாட்டுக்குத்தான் மறுபடி கதவு திறக்கும். மழை பெய்தாலும் அதே சட்டம். எங்கே போவது என்று அவரே சொல்லி அனுப்புவார்: கழுதைச் சவாரி, இடிந்த கோட்டை, மெழுகுவத்தி பிடித்துப் பார்க்கும் குகை.

டோலி அவரிடம் ஒரு வாய் வாங்கவில்லை.

"முத்தண்ணே, நீ பிசைஞ்சு குடு லா. அவங்க முள்ளுக் கரண்டியால குத்துறாங்க."

துரை தோட்டத்துத் தமிழ் பேசுவார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"முத்து, வியாழக்கிழமை நம்ம கப்பல். அதுக்குள்ள இவ என் அக்கா கையில சாப்பிடணும். இல்லாட்டி எப்படி விட்டுட்டு வாரது?"

2. குகை

மறுநாள் அந்த போர்டிங் ஹவுஸ் அம்மாள் டோலியையும் என்னையும் குகைக்குக் கூட்டிப்போனார். எத்தனையோ பேரை அங்கே அனுப்பியவர், தான் ஒருநாளும் போனதில்லையாம்.

வாசலில் டோலி உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றியது. தோட்டத்துக்குப் பக்கத்து ஈப்போவில் ஆயா கூட்டிப்போன குகை கோயில் ஆயிற்றே! நானும் யோசிக்காமல் கழற்றிவிட்டேன்.

"கால் நனைக்கக் கடல் வெளியில இருக்கு பாப்பா, உள்ள இல்ல" என்றான் டிக்கெட் கிழிப்பவன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டோலியின் உதடு துடித்தது.

அம்மாள் என்னிடம் காரணம் கேட்டார். "எங்கள் ஊரில் குகைக்குள் கடவுள், மேடம்" என்று உடைந்த இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் குடையைச் சுவரில் சாய்த்தார். குனிந்து தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

"தரை ஐஸ் மாதிரி இருக்கும், மிஸ்."

"கால் என்னுடையது. நீ டிக்கெட்டைக் கிழி."

உள்ளே கல் ஈரமாகத் தொங்கியது. "சாமி எங்க?" என்றது டோலி. அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் டோலியின் குவிந்த கையைப் பார்த்தார். ஓர் உயரமான கல்லுக்கு நேரே மெழுகுவத்தியைத் தூக்கிப் பிடித்தார். டோலி கும்பிட்டது. பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

"அத்தைக்குக் கால் ஜில்லுங்குதா, கேளு."

கேட்டேன். "ரொம்ப" என்று சிரித்தார்.

3. உருண்டை

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவரே உருளைக்கிழங்கில் பால் விட்டுக் கையால் பிசைந்தார். உருண்டை டோலியின் வாய்க்குப் பெரிதாய், எலுமிச்சம்பழம் அளவு வந்தது.

"முத்தண்ணே, அத்தைக்கு உருட்டத் தெரியல லா!"

என் கை தானாக நீண்டது. இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். டோலி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தது. பிறகு அவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தது.

உங்கள் அக்கா கலியாணமாகிச் சித்தியவான் ஊருக்கு வாழப்போன அன்று, மாப்பிள்ளை வீட்டில் அவளுக்குப் பரிமாற நான் எழுந்திருக்கவில்லை என்று கோபித்துக்கொண்டீர்கள். சம்பந்தியம்மா பரிமாறினார், அக்கா சாப்பிட்டாள். அதைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தேன்.