மார்லிஸுக்கு விழுந்த ஓட்டுகள்

கிளார்க் வேலைக்கு நானும் நிற்கிறேன் என்று மார்லிஸ் ஹூஸ்பி சொன்னது சீட்டாட்டத்தின் நடுவில், ரோஷத்தில். மறுநாளே அதை மறந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவள் மறக்கவில்லை.

மினசோட்டாவின் வடக்கே இருக்கும் ஸ்டோனி ரன் டவுன்ஷிப்பில் ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற கிளார்க் என்றால் சின்ன வேலை மாதிரித்தான் தெரியும். ஆனால் எந்த ரோட்டுக்குச் சரளைக்கல் கொட்டுவது, பனி தள்ளுகிற வண்டி எந்தப் பக்கம் முதலில் போவது, இடுகாட்டில் யாருக்கு எந்த இடம் என்பதெல்லாம் கிளார்க்கின் கை வழியாகத்தான் போகும். இருபது வருஷத்துக்கும் மேலாக அந்தக் கை வெர்னா டோலஃப்சனுடையது. அவளை எதிர்த்து யாரும் நின்றதில்லை. நிற்கலாம் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

வெர்னாவும் மார்லிஸும் பக்கத்துப் பக்கத்துப் பண்ணைக்காரிகள். வெர்னாவின் புருஷன் லைல் அறுவடை சமயத்தில் மாரடைப்பில் போனபோது, மார்லிஸ் தன் வீட்டு மாடுகளைப் புருஷன் ட்வேன் தலையில் கட்டிவிட்டு அங்கேயே போய்ப் படுத்துக் கிடந்தாள். வியாழக்கிழமை மத்தியானம் வெர்னா வீட்டில் சீட்டு. கூட இரண்டு பேர், காபி, ரூபார்ப் கேக்.

அந்த ஜனவரி வியாழனன்று பேச்சு சர்ச் விருந்தைப் பற்றி வந்தது. அந்த விருந்தைப் பொறுப்பெடுத்து நடத்திய மார்லிஸ், காபித்தூள் வாங்க மறந்து போனாள். நூறு பேர் வெந்நீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

"ஒரு விருந்து நடத்தத் துப்பில்ல உனக்கு," என்றாள் வெர்னா, சீட்டைப் பிரித்துக்கொண்டே. "உன் கையில டவுன்ஷிப்பக் குடுத்தா ரோடெல்லாம் ஏரிக்குள்ள போய்த்தான் முடியும்."

மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மார்லிஸுக்குக் காது சூடாகிவிட்டது.

"அப்படியா? மார்ச் எலெக்‌ஷன்ல நான் நிக்கிறேன் பாரு."

"தாராளமா நில்லுடி! மனுவ யார்கிட்ட குடுக்கணும் தெரியுமா? கிளார்க்கிட்ட. வா, நானே பேனா தரேன்."

அப்படியே நடந்தது. மார்லிஸ் போய் மனு கொடுத்தாள். வெர்னா சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தாள். ஊருக்கே அது நல்ல வேடிக்கையாகிவிட்டது.

ட்வேனுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "வெளாட்டு வெளாட்டா இருக்கும்போதே வாபஸ் வாங்கிடு," என்றான்.

"எல்லார் முன்னாடியும் சிரிச்சாளே அவ."

"சரி, நில்லு. உனக்கு ஒரு ஓட்டு நிச்சயம். அதுவும் நான் போடறது, ராத்திரி சோறு போடமாட்டியேன்னு பயந்து."

மார்ச் மாதம் தேர்தல் நாளன்று பனி பொடியாகத் தூறிக்கொண்டிருந்தது. டவுன்ஷிப் ஹாலுக்கு ஓட்டுப் போட வந்தவர்கள், பிறகு எல்லாரும் சேர்ந்து சாப்பிட ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு மூடி எடுத்து வந்தார்கள். பெட்டியை மூடிவிட்டு ஊர்க்கூட்டத்தைத் தொடங்கினார்கள். டவுன்ஷிப் போர்டின் தலைவர் ஆர்வில் ப்ரெக்கி எண்ணிக்கைத் தாளைக் கையில் வாங்கினார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"கிளார்க்குக்கு... மார்லிஸ் ஹூஸ்பி."

யாரோ ஒருவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"தப்பா இருக்கும், திருப்பி எண்ணுங்க," என்று கத்தியது மார்லிஸ்தான். திருப்பி எண்ணினார்கள். அதேதான். வித்தியாசம் கொஞ்சம்தான், ஆனாலும் வித்தியாசம்.

கூட்டத்தின் நடவடிக்கையை எழுத வேண்டியது கிளார்க். அன்று சாயங்காலம் வரை கிளார்க் வெர்னா. அவள் தலையைக் குனிந்தபடி எழுதினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க பேர முழுசாச் சொல்லுங்க, மிஸஸ் ஹூஸ்பி. பதியணும்."

முப்பது வருஷமாக 'ஏண்டி' என்று கூப்பிட்ட வாய். மார்லிஸ் தன் பெயரை முழுசாகச் சொன்னாள்.

நடந்தது என்னவென்று அடுத்த வாரத்தில் தெரிந்தது. தீவனக் கடையில் ஆர்வில் அவளை ஓரமாக அழைத்துப் போனார். "தப்பா நெனைக்காத மார்லிஸ். உனக்கு ஒண்ணுகூட விழாமப் போயிடுமோன்னு பாவமா இருந்துச்சு. வெர்னா எப்படியும் வந்துடுவான்னு நெனச்சேன்." பாதிரியாரின் மனைவியும் அதையே சொன்னாள். பால் வண்டிக்காரனும் சொன்னான். ஊரே ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் இரக்கப்பட்டிருந்தது.

மார்லிஸ் வெர்னா வீட்டுக் கதவைத் தட்டினாள். வெர்னா வாசலிலேயே நின்றாள்.

"நான் விலகிடறேன், வெர்னா. போர்டு உன்னையே போட்டுடும். ஆர்வில்கிட்டப் பேசிட்டேன்."

"உங்களுக்கு இரக்கப்பட்டுக் குடுத்தாங்க. இப்ப எனக்கு இரக்கப்பட்டுத் திருப்பித் தரீங்களா? வேணாங்க." டவுன்ஷிப் ஹால் சாவியை நீட்டினாள். "அங்க அடுப்புக் கதவு ஒட்டிக்கும். கொஞ்சம் தூக்கி இழுங்க."

வியாழக்கிழமைச் சீட்டு நின்றுபோனது. சர்ச்சில் வெர்னா மறுபக்கத்து பெஞ்சுக்கு மாறினாள். மார்லிஸ் வேலையைக் கற்றுக்கொண்டாள். ஒன்றும் ஏரிக்குள் போகவில்லை. அது அவளுக்குச் சந்தோஷம் தரவில்லை. ரோடு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் வெர்னா காதில் விழுந்திருக்குமோ என்று சுற்றிப் பார்ப்பாள்.

சில வருஷங்கள் கழித்து வெர்னாவின் இடுப்பெலும்பு மோசமானது. அரிஸோனாவில் இருக்கும் மகள் வந்து பண்ணையை விற்றாள். சாமான் ஏற்றுகிற அன்று மார்லிஸ் ஹாம் சாண்ட்விச் செய்து எடுத்துக்கொண்டு போனாள். துரத்தினாலும் பரவாயில்லை என்றுதான் போனாள். வெர்னா காலி வரவேற்பறையில் மடக்கு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தாள்.

"கடுகு சாஸ் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"அப்ப குடு." ஒரு வாய் மென்று விழுங்கினாள். "உனக்கு ஒரு விஷயம் தெரியுமாடி? நானும் உனக்குத்தான் போட்டேன்."

மார்லிஸுக்குச் சட்டென்று புரியவில்லை. "எதை?"

"ஓட்டத்தான். பூஜ்யம்னு படிச்சா ஊர் முன்னாடி உன் மூஞ்சி தொங்கிடுமேன்னு நெனச்சேன்."

"அடிப்பாவி! அப்புறம் ஏன் இத்தன வருஷம் எங்கூடப் பேசல?"

வெர்னா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "எல்லாரும் எங்கிட்டயும் வந்து அதையேதான் சொன்னாங்க. பாவம் பாத்துப் போட்டோம்னு. அத்தன பேருமா? அதுல ஒருத்தர் ரெண்டு பேராவது, இவ ஆடின ஆட்டம் போதும்னு போட்டிருக்க மாட்டாங்களா? அது யாருன்னு எனக்குத் தெரியாதுல்ல. கடைக்குப் போனா, சர்ச்சுக்குப் போனா, இவனா இருக்குமோ, இவளா இருக்குமோன்னுதான் தோணும். அப்படியே பழகிடுச்சு."

"அப்படி ஒருத்தரும் இல்ல வெர்னா."

"சரி, நீ சொல்லு. நீ யாருக்குப் போட்ட?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். கண்ணில் பழைய சிரிப்புகூட இருந்தது. மார்லிஸ் அன்று திரைக்குப் பின்னால் வெகுநேரம் நின்றிருந்தாள். வெர்னா பெயரில் குறி போடத்தான் பென்சிலைக் கொண்டுபோனாள். சீட்டு மேசையில் எழுந்த அந்தச் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது. தன் பெயருக்கே போட்டாள். அந்த நிமிஷம், வெர்னா தோற்றால் தேவலை என்றுகூட இருந்தது.

சொல்லியிருக்கலாம். 'ஆமாண்டி, உன் மேல அவ்வளவு கோவம்' என்று சொல்லியிருந்தால் வெர்னா அந்த மடக்கு நாற்காலி ஆடுமளவுக்குச் சிரித்திருப்பாள். தேடிக்கொண்டிருந்த ஆள் இவள்தான் என்று தெரிந்துகொண்டு ஊரில் மற்ற எல்லாரையும் மன்னித்திருப்பாள்.

"இன்னொண்ணு சாப்பிடறியா?" என்றாள் மார்லிஸ்.

வெர்னா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வேணாம். போதும்." மகள் வெளியிலிருந்து ஹாரன் அடித்தாள்.

அதற்குப் பிறகு போனில் பேசிக்கொண்டார்கள், எப்போதாவது. அங்கே வெயில், இங்கே பனி. ஒவ்வொரு தடவையும் மார்லிஸ் சொல்லிவிட நினைத்துத்தான் எண்ணைச் சுற்றுவாள். வெர்னா முட்டிவலியைப் பற்றிப் பேசுவாள், யார் யார் செத்தார்கள் என்று கேட்பாள், பேச்சு முடிந்துவிடும். ஒரு பிப்ரவரியில் மகள் கூப்பிட்டாள். அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள், இங்கேயே அடக்கம் செய்துவிட்டோம், அங்கே மண் உறைந்து கிடக்குமே என்றாள்.

ஸ்டோனி ரன் இடுகாட்டில் வெர்னாவின் புருஷன் லைலுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அந்த வசந்தத்தில் ஆர்வில் கேட்டார்: "அந்த எடத்த வேற யாருக்காவது குடுத்துடலாமா? கேக்கறாங்க."

"வேணாம்," என்றாள் கிளார்க்.

"அவதான் வரப்போறதில்லையே, மார்லிஸ்."

"தெரியும். இருக்கட்டும்."

அன்று ராத்திரி சாப்பாட்டில்தான் ட்வேனிடம் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னாள். அவன் உருளைக்கிழங்கை மசித்தபடியே கேட்டான்.

"அன்னிக்கே அவகிட்ட சொல்லியிருக்கலாமே," என்றான் கடைசியில்.

"சொல்லியிருக்கலாம்."

அவன் குழம்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் அதைத் தொடவில்லை.