பால் காய்ச்சிய அன்று மாட்டிய பனிப்படம்

மெல்பேர்ன் புறநகரான கிரான்பர்னில் வாடகைக்கு எடுத்த வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்பே அந்தப் படத்தை மாட்டிவிட்டேன். கதவைத் திறந்தால் நேரே தெரியும் சுவரில். நான் ஒன்றை நினைத்தால் செய்து முடிக்கும் ஆள். என் கணவர் அதைப் பிடிவாதம் என்பார்.

மூலப் படத்தை மெல்பேர்னில் ஒரு கண்காட்சியில் பார்த்திருந்தேன். கனடாக்காரர் ஒருவர் இளவயதில் பாரிஸ் போய், அங்கிருந்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்களில் மனம் பறிகொடுத்து, நாடு திரும்பி வரைந்த முதல் படங்களில் ஒன்று. பனி மூடிய ஆற்றங்கரை, இலையில்லாத மரங்கள். பனியில் வெள்ளையைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அவ்வளவும் ஊதா, ரோசா, இளநீலம். அக்கா டொரொன்டோவில் இருக்கிறாள். அவளைக் கண்டு எத்தனையோ வருடம். அவள் நடக்கிற நிலம் இதுதானே என்று அச்சுப்பிரதியை அங்கேயே வாங்கிவிட்டேன்.

பக்கத்துத் தெரு அன்ரி பால்பானையோடு உள்ளே வந்தவர் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“என்ன பிள்ளை, பட்ட மரத்தைக் கொண்டுவந்து வாசலுக்கு நேர கொழுவியிருக்கிறாய்? குடிபுகுற வீட்டுக்கு ஆகாது. கழட்டு.”

என் கணவர் உடனே ஸ்டூலைத் தேடினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அது அங்கதான் இருக்கும். நீங்கள் பாலை வையுங்கோ அன்ரி,” என்றேன்.

அந்த நேரம் அக்கா வீடியோவில் வந்தாள். அங்கே முதல்நாள் பின்னேரம். வேலையால் வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. போனைப் படத்துக்கு நேரே பிடித்தேன்.

“இந்தச் சனியனையோ வாங்கினனி? இஞ்ச வாசல்ல இந்தப் பனியை வழிச்சு வழிச்சு என்ர முதுகு முறியுது.”

“பாத்தியே, உன்ர அக்காவே சொல்லுறா,” என்றார் அன்ரி.

அக்கா முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். “ஓம், நிழல் ஊதாவாத்தான் விழும். நான் பஸ்ஸால இறங்கி நடக்கேக்க இப்பிடித்தான் கிடக்கும். அன்ரி, அது பட்ட மரம் இல்லை. குளிருக்கு இலையைக் கொட்டிப்போட்டு நிக்குது. மே மாசம் தளிர்க்கும். நீங்களாவது வந்து பாருங்கோவன். அவளால வரேலாது.”

நான் படகில் வந்தவள். கையில் இருப்பது அகதி வழக்கு முடியும்வரைக்குமான பிரிட்ஜிங் விசா. வெளியே போனால் திரும்பி வர வழியில்லை. அக்காவின் அகதி வழக்கும் அங்கே இன்னும் முடியவில்லை, அவளும் அசைய முடியாது. தெரிந்த விசயம்தான். அவள் வாயால் கேட்டதும் போனை என் கணவரின் கையில் கொடுத்துவிட்டேன்.

அன்ரி குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினார். பால் பொங்கியதும் முதல் டம்ளரை எனக்குத்தான் தந்தார். படத்தைக் கழற்றச் சொல்லிப் பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கழற்றியிருக்கமாட்டேன். அக்காவும் நானும் ஒரே இடத்தைப் பார்ப்பதற்கு எங்களுக்கு இருப்பது அந்தச் சுவர்தான்.