முதல் ஆட்டத்தில் தோற்றவர்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் திடலில் நடந்த சடுகுடுப் போட்டிக்கு நான்தான் செயலாளர். தேக்கா காப்பிக்கடையில் கூட்டம் போட்டபோது, செம்பவாங் குழுத் தலைவர் முத்தையா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"லீக் வைக்கலாமாண்ணே? தோத்தாலும் இன்னும் ரெண்டு ஆட்டம் கெடைக்கும். நாங்க ரொம்ப தூரத்துலேருந்து வர்றோம்லா."

"அதெல்லாம் சரிப்படாது. நாக் அவுட்தான். ஒரே நாள்ல முடிச்சிரலாம்" என்றேன். லீக் என்றால் இரண்டு ஞாயிறுகள் போய்விடும்; அவற்றை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதுதான் உண்மைக் காரணம்.

போட்டியன்று முதல் ஆட்டத்திலேயே செம்பவாங் குழுவினர் ஒரு புள்ளியில் தோற்றார்கள். மணி ஒன்பதுகூட ஆகவில்லை. அவர்களுடைய லாரியோ மாலை ஆறுக்குத்தான் வரும். ஜெயித்துக்கொண்டே போவோம் என்று நம்பி மதியச் சோறும் கட்டி வந்திருந்தார்கள்.

முகம் கொடுக்கக் கூசி நான் ஒதுங்கியே திரிந்தேன். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கோடு அழிந்துபோகும். திரும்பப் போட என்னிடம் ஆளில்லை. சற்று நேரம் கழித்துப் பார்த்தால், முத்தையா சுண்ணாம்பு வாளியோடு குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஆட்கள் மற்றக் குழுக்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். மதியம் எனக்கும் ஒரு சோற்றுப் பொட்டலம் வந்தது.

லாரி வந்ததும் ஓடிப்போய், "மன்னிச்சுக்குங்க முத்தையா. அடுத்த வருஷம் லீக்தான்" என்றேன்.

அவர் சிரித்தார். "அப்ப கோடு போட வேற ஆளப் பாருங்கண்ணே. நாங்க வெளையாடிக்கிட்டு இருப்போம்லா."

அன்று அவர் திட்டியிருந்தால், விதிமுறையைக் காட்டித் தப்பித்திருப்பேன். திட்டாமல் விட்டதற்கு இன்றும் மனசுக்குள் நன்றி சொல்கிறேன்.

அடுத்த வருஷம் லீக்தான் நடந்தது. இரண்டு ஞாயிறும் குனிந்து கோடு போட்டது நான்.