ரேகை விழாத உறுப்பினர்

"அழுத்தி வைம்மா," என்றார் செக்‌ஷன் ஆபீசர் ஜீவானந்தம்.

"வச்சிகினுதான சார் கீறேன். இன்னும் இன்னா, மெஷினு உள்ள பூந்துக்கணுமா?"

"இந்த விரல் வேணாம். கட்டை விரல் வை."

"அது இத்தவிட மோசம் சார். முப்பது வருஷமா செதிலு தேச்ச வெரலு. ரேஷன் கடையிலயும் இதே கததான்."

"ஈரமா இருக்கும். துடைச்சிட்டு வை."

காந்தா சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி வைத்தார். இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டிக் கீச்சென்றது.

"பாத்தியா? என்னிய யாருன்னே தெரிலங்குது."

"சரி சரி, உள்ள போம்மா. லேட் ஆகுது. வந்துட்ட இல்ல, அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் பேஜார் ஆவாதே சார்?"

"ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன் இல்ல?"

மாநிலப் பசி ஒழிப்பு ஆணையத்தின் முதல் கூட்டத்தன்று, தாம்பரம் சானடோரியத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தின் இரண்டாம் மாடி வாசலில் நடந்த பேச்சு இது. ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழிலும் தமிழ் மனுக்களை ஆங்கிலத்திலும் எழுதித் தரும் ஒப்பந்த வேலையில் இருந்த மிருதுளா, கோப்புகளை மார்போடு அணைத்தபடி பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அலுவலகத்தில் பாதிப் பேருக்கு அவள் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது.

காந்தாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கோவளத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்துக்காரர். விடியலில் கரையில் மீன் எடுத்து, வண்டலூர் வழியாகப் பேருந்து பிடித்து, மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் கூடையை இறக்குவார். கேட்டவர்களுக்கு அங்கேயே ஆய்ந்து துண்டு போட்டுக் கொடுப்பார். ஐஸும் உப்பும் செதிலும் சேர்ந்து அவருடைய விரல் நுனிகளை வழித்துவிட்டிருந்தன. குப்பத்தில் மீன் ஆயும் பெண்கள் எல்லோருக்கும் அதே கதிதான். ரேஷன் கடைக்குப் போனால் ரேகை விழவில்லை, நாளைக்கு வா என்பார்கள். நாளைக்கும் விழாது. இப்படி நாற்பத்து மூன்று வீடுகளில் மாதக்கணக்கில் அரிசி நின்றுபோயிருந்தது. காந்தா ஒரு மனுநீதி நாளில் இதைச் சொல்லிச் சத்தம் போட்டதில் அவருடைய பெயர் எங்கோ பதிவாயிற்று. ஆணையத்தின் ஏழு உறுப்பினர்களில் ஒருவராவது பசியை அறிந்தவராக இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால், அந்தப் பெயரைத் தேடி எடுத்தார்கள். குப்பத்துப் பெண்கள் நாற்பத்து மூன்று பேரும் தங்கள் குடும்ப அட்டை நகல்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அவர் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

கூட்ட நாளில் கூடையைப் பக்கத்துக் கடை சாராளிடம் விட்டுவிட்டு, எலுமிச்சைத் தோலால் கையை மூன்று முறை தேய்த்துக் கழுவி, துவைத்த சேலை மாற்றிக்கொண்டு வருவார் காந்தா. அப்படியும் அவர் நாற்காலியில் உட்கார்ந்த மறுநிமிடம் தலைவரின் உதவியாளர் எழுந்து அறை முழுக்க வாசனை ஸ்பிரே அடிப்பார். மேசைமேல் முந்திரி பக்கோடா, நெய்யில் மிதக்கும் மினி இட்லி, காசி அல்வா. சேலையூரில் கேட்டரிங் நடத்தும் மகேஷ், ஆட்களோடு வந்து பரிமாறுவார். பசியைப் பற்றிப் பேச வந்தவர்கள் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு பேசினார்கள்.

முதல் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம், ஆணையத்தின் சின்னத்தில் உள்ள கிண்ணம் நிமிர்ந்திருக்க வேண்டுமா, சாய்ந்திருக்க வேண்டுமா என்று விவாதித்தார்கள்.

"சட்டி எப்டி இருந்தா இன்னா சார்," என்றார் காந்தா. "உள்ள சோறு கீதான்னு பாருங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். 'உறுப்பினரின் மேலான கருத்து பதிவு செய்யப்பட்டது' என்று எழுதச் சொன்னார் தலைவர். மிருதுளா எழுதினாள்.

இரண்டாம் கூட்டத்தில் காந்தா அந்தக் கவரை மேசைமேல் வைத்தார். தலைவர் அதைக் கையால் தொடாமல், பேனா முனையால் ஓரமாகத் தள்ளினார். கூட்டம் முடிந்ததும் மிருதுளா அதை எடுத்துப் போய் நாற்பத்து மூன்று பெயர்களையும் ஆங்கிலத்தில் பட்டியலிட்டுக் கோப்பில் சேர்த்தாள். மூன்றாம் கூட்டத்தின் விவாதப் பட்டியலில் அது கடைசிப் பொருளாக இருந்தது. நேரமாகிவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். மிச்சமிருந்த அல்வாவைப் பொட்டலம் கட்டி ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த மாதம் உறுப்பினர்களை மாற்றியமைக்கும் ஆணை வந்தது. தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவர் நீக்கப்படுவார். அந்த இடத்தில் உணவுத் துறை அனுபவம் உள்ள ஒருவர் நியமிக்கப்படுவார். நீக்கப்பட்டவர், திருமதி காந்தா. நியமிக்கப்பட்டவர், திரு. மகேஷ். ஆதாரமாக வாசல் இயந்திரத்தின் வருகைப் பட்டியலை இணைத்திருந்தார்கள். மூன்று முறையும் காந்தாவின் விரலுக்கு அது சிவப்பு விளக்குத்தான் காட்டியிருந்தது. அல்வாத் தட்டோடு உள்ளே நுழையும்போது மகேஷும் விரல் வைத்திருக்கிறார். மூன்று கூட்டத்துக்கும் அவர் வருகை சுத்தமாகப் பதிவாகியிருந்தது.

ஆணையைத் தமிழாக்கும் வேலை மிருதுளாவின் மேசைக்கு வந்தது. அவள் எழுந்து ஜீவானந்தத்திடம் போனாள்.

"சார், காந்தா அக்கா மூணு மீட்டிங்குக்கும் வந்தாங்க."

"தெரியும்மா."

"மினிட்ஸ்ல அவங்க பேசினது இருக்கு. நான்தான் டைப் பண்ணேன்."

"மினிட்ஸ் வேற, அட்டெண்டன்ஸ் வேற. சிஸ்டத்துல இல்லைன்னா வரலைன்னுதான் அர்த்தம்."

"நீங்கதானே சார், அப்புறம் பாத்துக்கலாம்னு உள்ள அனுப்பினீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பேச வருமா என்பது போன்ற பார்வை.

"மேலேர்ந்து வந்த லிஸ்ட். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ். நீ கான்ட்ராக்ட்ல இருக்க, அத ஞாபகம் வச்சுக்கோ. சாயங்காலத்துக்குள்ள தமிழ்ல குடுத்துடு."

கொடுத்தாள். ஆணையத்து ஆட்களை நினைத்து எவ்வளவு அருவருப்போ, அவ்வளவும் அன்று மாலை அவள் பக்கம் திரும்பியது. 'பங்கேற்காத காரணத்தால்' என்று தட்டச்சு செய்தது அவளுடைய விரல். அந்த விரலுக்கு அந்த இயந்திரம் தினமும் காலை ஒன்பதரைக்குத் தவறாமல் பச்சை விளக்குக் காட்டியது.

நான்காம் கூட்டத்தில் காந்தாவின் நாற்காலியில் மகேஷ் உட்கார்ந்தார். அவருடைய ஆட்கள் அவருக்கே பரிமாறினார்கள். யாரும் ஸ்பிரே அடிக்கவில்லை. கொண்டுவந்தவர் இப்போது உறுப்பினர் இல்லை என்பதால் நாற்பத்து மூன்று வீடுகளின் அரிசி பற்றிய பொருள் கைவிடப்பட்டது.

காந்தாவுக்குத் தபாலில் போக வேண்டிய நீக்கக் கடிதத்தை மிருதுளா அந்தச் சனிக்கிழமை கையிலேயே எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். காந்தா சங்கரா மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, மீட்டிங் தேதி வந்திச்சா?"

மிருதுளா கடிதத்தைப் படித்துக் காட்டினாள். காந்தா கத்தியைக் கீழே வைத்தார்.

"நான் வரலியா? அப்ப சட்டியப் பத்திப் பேசுனது யாரு, என் ஆவியா?"

"மெஷினு பொய் சொல்லுமாக்கா?" என்று பக்கத்திலிருந்து சாராள் சீண்டினாள். "என்னாண்ட கூடைய வுட்டுட்டு நீ எங்க டீ குடிச்சிகினு இருந்தியோ!"

காந்தா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. விளையாட்டாக சாராள் சொன்னதைத்தான் குப்பம் நிஜமாகவே சொல்லும் என்பது அவருக்கு உறைத்துவிட்டது.

"பாப்பா, இந்தக் கடுதாசி எங்க ஊருக்கும் போவுமா?"

"பஞ்சாயத்து ஆபீஸ் போர்டுல ஒட்டுவாங்க அக்கா."

காந்தா கையைத் தண்ணீரில் அலசி, சேலையில் துடைத்துக்கொண்டார்.

"பதவி போனா மசிராச்சு. அட்டைய நம்பிக் குடுத்தவளுங்க மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்? வாங்கிகினு போயி தூங்கிட்டான்னு பேசுவாளுங்க. நானு சொன்னா எவளும் நம்ப மாட்டா. நீ ஆபீஸ் பொண்ணு. ஞாயித்துக்கிழம எல்லாரும் கரையில இருப்பாங்க. ஒரு நட வா பாப்பா. அவங்க எதிர்ல நின்னு, காந்தா மூணு வாட்டியும் வந்தா, பேசுனா, நான் பாத்தேன்னு சொல்லிட்டுப் போ. மெதுவா சொல்லாத. அல சத்தத்துல கேக்காது. கத்திச் சொல்லு."