மேலே போன பேச்சு

தொண்ணூறுகளில் எங்கள் வீட்டுக்காரருக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. கருமத்தம்பட்டியில் சின்ன வயசிலேயே விசைத்தறி ஓட்டப் போனவர். அதே தறிக் குடோனில் நான் தார்க்குச்சியில் நூல் சுற்றினேன். தறி ஓடும்போது கத்தினாலும் கேட்காது. அதனால் குரலை எடுக்காமல் வாயை மட்டும் அசைத்துத்தான் பேசிக்கொள்வோம். அப்படியே பழகியதில் அவர் காது போவது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. மிச்சமிருப்பதும் போய்விடும் என்று கோயம்புத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்கள் வீதியில் ரேடியோ சாமான் கடை வைத்திருந்தவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். லைசென்ஸ் வாங்கி, மாடியில் ஏரியல் கட்டி, வெளியூர்க்காரர்களோடு ரேடியோவில் பேசுகிறவர். வேறு உலகத்தில் யாராவது இருந்தால் கேட்கட்டும் என்று வெளிநாட்டில் வானத்துக்குச் சேதி அனுப்புகிறார்கள் எனப் பேப்பரில் படித்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏரியலை மேலே திருப்பி வைத்துவிட்டு எங்களையெல்லாம் கூப்பிட்டார்.

"நம்முளுது சின்ன செட்டுங்க. கேக்கறதுக்கு அங்க ஆளு இருக்குதோ இல்லியோ. ஆனா பேச்சு ஒருக்கா மேல போச்சுன்னா போயிட்டேதான் இருக்கும்," என்றார்.

அதை எங்கள் வீட்டுக்காரருக்கு வாயசைத்துச் சொன்னேன்.

"அப்ப நீ பேசு புள்ள. எனக்குக் கேக்காம போனாலும் உன்ற கொரலு எங்கியோ போயிட்டு இருக்கட்டும்," என்றார்.

நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காதவள் நான். பாய் மைக்கைக் கொடுத்து, பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வேறொன்றும் தோன்றாமல், இவர் முகத்தைப் பார்த்து, "சாப்டீங்களா" என்றேன். சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, முள்ளு அசையவே இல்லீங்க," என்றார் பாய். செட்டில் இருக்கிற முள், குரல் போனால்தான் ஆடுமாம். நான் குடோனில் பேசுகிற மாதிரி வாயை மட்டும் அசைத்திருக்கிறேன்.

அதற்குள் இவர், "சாப்டாச்சு, நீயுந்தான கூட உக்காந்து தின்ன," என்று காது கேளாதவர்களின் சத்தத்தில் சொல்லிவிட்டார். என் விரல் பட்டனிலேயே இருந்தது. முள் கடைக்கோடி வரைக்கும் போய் இடித்தது.

"கேள்வி இங்கியே நின்னுபோச்சு, பதிலு மட்டும் போயிருச்சு. சோறு போட்டது ஆருன்னு தேடப்போறாங்க," என்றார் பாயின் சம்சாரம். எல்லோரும் சிரித்தார்கள்.

இவர் சிரிக்கவில்லை. "போகலியா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் முகம் வாடிப்போனது.

அவரைப் பார்த்துக்கொண்டு பேசினால் எனக்குக் குரல் எழும்பாது என்று அப்போது புரிந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"ஏனுங்க, நாங்க இங்க இருக்கறமுங்க. நீங்க நல்லா இருக்கீங்களா? இந்தப் பக்கம் வந்தா ஊட்டுக்கு வாங்க, ஒரு வாய் சாப்டுட்டுப் போலாம்."

திரும்பியபோது இவர் செட்டுக்கு முன்னால் குனிந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும் அது கீழே இறங்கியது.

"ஏன் நிறுத்திப்போட்ட? இன்னுங் கொஞ்சம் பேசு," என்றார்.

பாய் சரியென்று தலையசைத்தார். மறுபடியும் சுவரைப் பார்த்து நின்றேன். பைப்பில் தண்ணீர் வராததை, மாடு சினையாக இருப்பதை, தங்கச்சி ஈரோட்டிலிருந்து வந்துவிட்டுப் போனதை, இவர் போதும் என்று சொல்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.