நாட்டுக்கு யார் ஜாமீன்?

அஸ்பாக் பாய் யாரையும் நம்ப மாட்டார். ஆம்பூரில் அவரிடம் பதினோரு வருஷம் எக்ஸ்போர்ட் கிளார்க்காக இருந்த நான் இதைச் சத்தியம் செய்தே சொல்வேன். ஒரு டஜன் தோல் வாங்கினாலும் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்ப்பார், நகத்தால் கீறுவார், எச்சில் தொட்டுத் தேய்ப்பார். சொந்த மச்சானுக்கு இருபதாயிரம் கைமாற்று கொடுத்தபோதுகூட, வாணியம்பாடியிலிருந்து ஒரு ஜாமீன்காரரை வரவழைத்துக் கையெழுத்து வாங்கினார். அவர் மனைவி உமைமா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாய் அசரவே இல்லை.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரு நாட்டை நம்பிக் கெட்டார்.

பதினெட்டு வயதில் பேர்ணாம்பட்டு ரோட்டில் ஒரு கம்பெனியின் கட்டிங் டேபிளில் கத்தி பிடித்தவர். இருபது வருஷம் நின்றபடியே தோல் வெட்டி, யார் யாரிடமோ ஏச்சு வாங்கி, கடைசியில் நாற்பது மெஷின் போட்டுச் சொந்தமாக ஒரு யூனிட் ஆரம்பித்தார். ஷூவின் மேல்பாகத்தை மட்டும் தைத்து அனுப்புவோம். அப்பர் என்பது எங்கள் பேச்சு. வாசலில் பெயர் எழுதிய பெயிண்டரிடம் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று சண்டை போட்டு, மறுபடி எழுத வைத்தார். "இனிமே எவன் டேபிள்லயும் நான் நிக்க மாட்டேன் ஜான்சன்" என்று அன்றைக்கு என்னிடம் சொன்னார். அந்த யூனிட்தான் அவருடைய மானம், மரியாதை எல்லாம். அங்கே தைத்த நாற்பது பெண்களுக்குச் சோறும் அதுதான்.

கொழும்பில் ரிஸ்வி ஹாஜியார் என்ற ஷூ கம்பெனிக்காரர் எங்களிடம் அப்பர் வாங்கினார். மூன்று லோடு போனது, மூன்றுக்கும் சொன்ன தேதியில் பணம் வந்தது. 2021 டிசம்பரில் நான்காவது லோடு, பன்னிரண்டாயிரம் ஜோடி. எழுபதாயிரம் டாலர். சரக்கு போய்த் தொண்ணூறு நாளில் பணம் தருகிறோம் என்று அங்குள்ள அரசாங்க வங்கி ஒன்று உத்தரவாதக் கடிதம் கொடுத்திருந்தது. அந்தக் காகிதத்தைக் காட்டி, பாய் ஆம்பூர் வங்கியில் முன்பணம் வாங்கித்தான் தோலே எடுத்தார்.

நான் பேப்பர் படிக்கிறவன். அந்த நாட்டு அரசாங்கம் கழுத்துவரை கடனில் நிற்பது எனக்குத் தெரியும். விமானம் வராத இடத்தில் விமான நிலையம் கட்டினார்கள், கடனில். பழைய கடனுக்கு வட்டி கட்டப் புதுக் கடன் வாங்கினார்கள். வாங்கியதில் பெரும்பகுதி டாலர். தம் ஊர் ரூபாயை அச்சடித்து அதை அடைக்க முடியாது. இதற்கு நடுவில் ஜனங்களைக் குஷிப்படுத்த வரியையும் குறைத்தார்கள். வருமானத்தைத் தானே வெட்டிக்கொண்டு கடனை ஏற்றுகிறவனை நம் தெருவில் என்னவென்று சொல்வோம்? சேர்த்துக்கொள்ளக்கூட மாட்டோம். மேடையில் நின்று அதையே செய்தால் கை தட்டுகிறோம்.

"பாய், இன்னொரு வெளிநாட்டு பேங்க்கோட உறுதியும் வாங்கிடலாம். எண்பதாயிரம் ரூபா ஆவும். அவங்க குடுக்கலன்னா இவங்க குடுப்பாங்க" என்றேன்.

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா ஜான்சன், நாட்டுக்கே ஜாமீனா? மனுஷன் ஏமாத்துவான். கவர்மென்ட் எங்க ஓடிடும்?"

மச்சானுக்கு ஜாமீன் கேட்ட வாய் அது. ஆம்பூர் வங்கி அதிகாரியும், "கவர்மென்ட் பேங்க், பயமே இல்ல" என்று பக்கத்தில் நின்று பாட்டுப் பாடினார். நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. பேப்பர் படித்து என்ன பிரயோஜனம்?

மார்ச்சில் தேதி வந்தது, பணம் வரவில்லை. ஏப்ரலில் அந்த அரசாங்கம், வெளிநாட்டுக் கடனை இப்போது அடைக்க முடியாது என்று உலகத்துக்கே அறிவித்தது. மே மாதம் பாயும் நானும் கொழும்புக்குப் போனோம். ஹாஜியாரின் சட்டையைப் பிடிக்கத்தான் பாய் கிளம்பினார். வழிநெடுகப் பெட்ரோலுக்கு வரிசை. வண்டிக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தார்கள். காகிதம் வாங்க டாலர் இல்லாமல் பள்ளிக்கூடப் பரீட்சையைத் தள்ளிவைத்த நாடு அது.

ஹாஜியார் பெட்ரோல் இல்லாமல் மூன்று மைல் நடந்தே தன் கம்பெனிக்கு வந்து எங்களைப் பார்த்தார். பால்மாவு கிடைக்காததால் வெறும் டீ கொடுத்தார். பாய் வாயைத் திறப்பதற்கு முன்னால் வங்கி ரசீதை எடுத்து மேஜையில் வைத்தார்.

"நான் மார்ச் மாசமே கட்டிட்டன் தம்பி. எங்கட காசு பேங்க்ல இருக்கு. டொலர்தான் இல்லை. இருந்த டொலரெல்லாம் அரசாங்கத்துக்குக் கடன் குடுத்தவனுக்குப் போய்ட்டு."

ரசீது சரியாகத்தான் இருந்தது. டாலர் அவர்கள் ஊர் ரூபாயில் இருநூறாக இருந்தபோது கட்டியிருக்கிறார். நாங்கள் போன நாளில் முந்நூற்று அறுபது. அனுப்பும் நாளில் என்ன விலையோ அந்த வித்தியாசத்தையும் அவரே கட்ட வேண்டும் என்று வங்கி சொல்லிவிட்டதாம். கிடங்கில் எங்கள் அப்பர் கட்டுக் கட்டாக அப்படியே கிடந்தது. அடிப்பாகம் ஒட்டுகிற பசை வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதற்கும் டாலர் இல்லை. பாய் டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். சண்டை போட ஆள் கிடைக்காமல் அவர் திரும்பியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆம்பூரில் ஏழு வாரக் கூலி நின்றிருந்தது. தையல் லைனிலேயே மூத்தவர் வஜீதா. வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"அந்த ஆளு ஏமாத்திட்டானா பாய்?"

"இல்ல வஜீதா. கட்டிட்டாரு."

"அப்போ பணம் எங்க?"

"அங்க பேங்க்ல கெடக்குது."

"கெடக்குதுன்றீங்க, எடுக்க முடியலன்றீங்க. இது இன்னா பணம்?"

தொலைக்காட்சியில் கோட்டு போட்டு உட்கார்ந்து புள்ளிவிவரம் பேசிய ஒருத்தரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

பாய் மெஷின்களை விற்றார். முதலில் பத்து, அப்புறம் பதினைந்து, கடைசியில் மிச்சம் எல்லாம். பாதி விலைதான் கிடைத்தது. நாற்பது பேருக்கும் ஒரு நாள் கூலி குறையாமல் கொடுத்தார். கஞ்சன் என்று பதினோரு வருஷம் முதுகுக்குப் பின்னால் திட்டிய பெண்கள், வாங்கிக்கொண்டு அழுதார்கள். முன்பணத்துக்காக ஆம்பூர் வங்கி பாயின் வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு வட்டியை ஏற்றிக்கொண்டே போனது. யூனிட் கட்டடத்தை ஒரு பார்சல் கம்பெனி வாடகைக்கு எடுத்து, வாசல் பெயரின் மேல் வெள்ளையடித்தது. கடன் வாங்கி விமான நிலையம் கட்டியவர்களில் ஒருத்தர் வீட்டிலாவது ஒரு நாற்காலி குறைந்ததாக நான் படிக்கவில்லை.

2023 நவம்பரில் பணம் வந்தது. எழுபதாயிரம் டாலரும் வந்தது. வங்கி அதிகாரி என்னைப் போனில் கூப்பிட்டு, "பாத்தீங்களா, கவர்மென்ட் பேங்க் ஏமாத்தாதுன்னு அப்பவே சொன்னேனே" என்றார். அவர் அடுத்த வார்த்தை சொல்வதற்குள் போனை வைத்துவிட்டேன்.

பாய் அப்போது பைபாஸ் பக்கத்தில் ஒரு கம்பெனியில் இருந்தார். கட்டிங் டேபிள், தினக்கூலி. சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே போய் நின்றேன்.

"பணம் வந்துடுச்சு பாய். முழுசா."

வெட்டிக்கொண்டே கேட்டார். "பேங்க் எடுத்துக்கிச்சா?"

"முன்பணம், வட்டி எல்லாத்துக்கும் சரியா போய்டுச்சு. பத்திரம் திரும்பக் குடுத்துடுவாங்க."

"ஹாஜியாரு?"

"வித்தியாசத்தக் கட்ட கம்பெனிய வித்துட்டாராம்."

அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தார். "நான் கட்டிட்டேன். அவரும் ரெண்டு வாட்டி கட்டிட்டாரு. கடன வாங்கினவன் எங்க ஜான்சன்? அவன் இன்னா கட்டினான்?"

எதிர் டேபிளிலிருந்து சூப்பர்வைசர் சத்தம் போட்டான். பாய் வயதில் பாதிகூட இருக்காது அவனுக்கு.

"இன்னா பாய், பேச்சு ஜாஸ்தியா கீது, கட்டிங் கம்மியா கீது?"

"இதோ ஆச்சு சார்" என்றார் அஸ்பாக் பாய்.