இரண்டு விரல் இடைவெளி

மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அளவு கூடியும் நடுவே இரண்டு விரல் இடைவெளி அப்படியே இருந்ததில் எனக்கு மனம் ஆறவில்லை. மறுபடி அறுத்து நெருக்கி வைக்கச் சொல்ல டாக்டரிடம் நாள் வாங்கியிருந்தேன். அந்த வாரம்தான் பழனிசெட்டிபட்டியில் ஒரு தையல்காரப் பெண்ணிடம் ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போனேன்.

ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. அளவுகளைத் தாளில் எழுதாமல் இடது முன்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார்.

"ஆபரேசன் பண்ணியும் நெருங்கலையேக்கா," என்றேன்.

என் நெஞ்சின் நடுவே டேப்பை வைத்தார். "இது ஒன் எலும்போட அகலம் தாயி. ரொம்ப நெருக்குனா ரெண்டும் ஒண்ணாச் சேந்துபோகும்னு டாக்டரு சொல்லலையா?"

"சொன்னாக. நாந்தான் காதுல வாங்கல."

"படத்துல பாக்குறதுல பாதி, துணி தூக்கிக் காட்டுறது. ஒனக்கும் கப்பு வச்சுத் தைக்கிறேன், எடுப்பா இருக்கும். கழட்டுனா ஒன் ஒடம்பு ஒனக்கு. அதுல ஒரு குறையும் இல்ல."

மறுநாளே டாக்டரிடம் வாங்கிய நாளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புது ரவிக்கை தைத்து வந்ததும் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நெடுநேரம் சிரித்தபடி நின்றேன். டாக்டர் சொன்ன அதே விஷயம் துணி தைக்கும் அந்த அக்காவுக்கு எப்படித் தெரிந்தது, தனக்காகவா வேறு யாருக்காகவா தெரிந்துகொண்டார் என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.